பட்டத்துக்கு மட்டும் ஒரு கோடு

கனடாவில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டனில் தொழில் பழகிய சாம் லாங்ஃபோர்டு, 1902 முதல் 1926 வரை காசுக்குக் குத்துச்சண்டை போட்டார். பதிவில் இருப்பவை மட்டுமே 250 சண்டைகளுக்குக் குறையாது. லைட்வெயிட் சாம்பியனையும் வென்றிருக்கிறார். தன்னைவிட அரையடி உயரமான ஹெவிவெயிட்களையும் தரையில் படுக்க வைத்திருக்கிறார். ஆனால் ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்காக ஒரு தடவைகூட அவரால் மேடை ஏற முடியவில்லை. அவர் கறுப்பர், அதனால் விடவில்லை என்று ஒரே வரியில் சொல்லி முடிப்பது வழக்கம். அந்த வரி பொய்யில்லை, ஆனால் போதாது. 1908 டிசம்பரிலிருந்து 1915 ஏப்ரல் வரை உலகச் சாம்பியனாக இருந்த ஜாக் ஜான்சனும் கறுப்பர்தான். லாங்ஃபோர்டின் கை ஓங்கியிருந்த காலமும் ஏறத்தாழ அதுவே. பட்டம் ஒரு கறுப்பரின் இடுப்பில் இருந்தபோதே இன்னொரு கறுப்பருக்கு வாசல் அடைத்திருந்தது என்றால், அடைத்தது வெறுப்பு மட்டுமாக இருக்க முடியாது. அன்றைய குத்துச்சண்டை உலகம் ‘நிறக்கோடு’ என்று அழைத்த அந்த வழக்கம் வெறுப்பில் முளைத்தது உண்மை. ஆனால் அது வளர்ந்ததும் நிலைத்ததும் வியாபாரமாகத்தான். லாங்ஃபோர்டின் தொழில் வாழ்க்கை அதற்குக் கிடைக்கும் நல்ல சாட்சி.

முதலில் பட்டம் என்பது அந்நாளில் என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். இன்று இருப்பதுபோல் தரவரிசை போட்டு, இன்னாரோடு இத்தனை மாதத்துக்குள் மோதியாக வேண்டும் என்று ஆணையிடும் அமைப்பு எதுவும் கிடையாது. சாம்பியன் யாரோடு மோதுகிறார், எப்போது, எவ்வளவுக்கு என்பதெல்லாம் அவரும் அவருடைய மேனேஜரும் எடுக்கும் முடிவு. ஆகவே பட்டம் ஒரு தனிச்சொத்து. அதை வைத்துச் சம்பாதிக்கும் வழிகளில் சண்டை ஒன்று மட்டுமே, அந்நாளைய ஹெவிவெயிட் சாம்பியன்களான ஜான் எல். சல்லிவனும் ஜேம்ஸ் ஜே. கார்பெட்டும் நாடக மேடை ஏறியே நன்றாகக் கல்லா கட்டினார்கள். இப்படிப்பட்ட சொத்தை, அதைப் பறித்துக்கொள்ளக்கூடிய ஒருவன் முன்னால் கொண்டுபோய் வைப்பது நல்ல வியாபாரம் ஆகாது. பயந்து ஒதுங்கினான் என்ற பேர் வந்தால் சொத்தின் மதிப்பும் குறையும். பேர் கெடாமல் ஒதுங்க ஒரு காரணம் தேவைப்பட்டது. 1892இல் சல்லிவன், உலகத்தில் யார் வேண்டுமானாலும் வரலாம், கறுப்பரோடு மட்டும் மோதமாட்டேன் என்று அறிவித்தபோது அந்தக் காரணம் கிடைத்துவிட்டது. ஒதுங்கியவரைப் பத்திரிகைகள் கோழை என்று எழுதவில்லை. இன மானம் காத்தவர் என்றே மெச்சின.

சல்லிவன் யாரை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகமில்லை. கரீபியனின் செயிண்ட் குரோயி தீவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் தொழில் கற்று, அந்நாட்டின் ஹெவிவெயிட் சாம்பியனான பீட்டர் ஜாக்சன் அமெரிக்காவுக்கு வந்திருந்தார். 1891 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் அவரும் கார்பெட்டும் 61 ரவுண்டு மோதினார்கள். இருவருக்கும் தெம்பு போய் முடிவில்லாமல் நின்றது. அந்த ஒரு சண்டையால் கார்பெட்டின் மதிப்பு ஏறியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி நியூ ஆர்லியன்ஸில் அவர் சல்லிவனை வீழ்த்திச் சாம்பியன் ஆனார். ஜாக்சனுக்கு அதே 61 ரவுண்டு எந்த வாசலையும் திறக்கவில்லை. சாம்பியனான கார்பெட் மறுபடி அவரோடு மேடை ஏறவில்லை. இடம் சரியில்லை, ஏற்பாடு சரியில்லை என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஜாக்சன் காசநோயோடு ஆஸ்திரேலியா திரும்பி 1901இல் குவீன்ஸ்லாந்தில் இறந்தார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அதே நியூ ஆர்லியன்ஸில், கார்பெட் வென்றதற்கு முந்தின நாள், ஜார்ஜ் டிக்சன் என்ற கறுப்பர் ஜாக் ஸ்கெல்லி என்ற வெள்ளையரை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தித் தன் ஃபெதர்வெயிட் பட்டத்தைக் காத்துக்கொண்டார். 1901இல் பார்படோஸ் ஜோ வால்காட் வெல்டர்வெயிட் சாம்பியன் ஆனார். 1902இல் ஜோ கான்ஸ் லைட்வெயிட் சாம்பியன் ஆனார். மூவரும் கறுப்பர்கள், மூவரும் வெள்ளையரோடு பட்டத்துக்காக மோதியவர்கள். அப்படியானால் கோடு எங்கே இருந்தது? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. கோடு கறுப்பு உடலுக்கும் வெள்ளை உடலுக்கும் நடுவே போடப்படவில்லை. அவர்கள் தினமும் மோதிக்கொண்டுதான் இருந்தார்கள். அது ஒரே ஒரு சரக்கைச் சுற்றிப் போட்ட வேலி. உலகத்திலேயே பலசாலி யார் என்ற பெயரைத் தாங்கியது ஹெவிவெயிட் பட்டம். பெரும் பணமும் அங்கேதான் இருந்தது. சின்ன எடைப் பட்டங்களில் பணமும் குறைவு, பெருமையும் குறைவு, வேலியும் தாழ்வு. டிக்சன் வென்ற பிறகு, அந்தச் சண்டையை நடத்திய ஒலிம்பிக் கிளப் இனிமேல் வெள்ளையரையும் கறுப்பரையும் மோதவிடுவதில்லை என்று முடிவெடுத்தது. தெற்கு மாநிலத்து நகரம் ஒன்றில், வெள்ளைக் கூட்டத்தின் கண்ணெதிரே வெள்ளையன் ரத்தம் சொட்ட விழுந்ததை அதன் வாடிக்கையாளர்கள் பொறுக்கவில்லை. கிளப்புக்கு வாடிக்கையாளர் சொல்வதே வேதம்.

இந்தப் பின்னணியில்தான் லாங்ஃபோர்டு தொழிலுக்கு வந்தார். நோவா ஸ்கோஷியாவில் வேமவுத் ஃபால்ஸ் அவருடைய ஊர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்றதால் நாடுபெயர்ந்த கறுப்பர்களின் வழிவந்த குடும்பம். சிறுவயதிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டு, கிடைத்த வேலையெல்லாம் செய்து பாஸ்டன் வந்தவருக்கு, ஜோ வுட்மன் என்ற மருந்துக்கடைக்காரர் தாம் நடத்திய உடற்பயிற்சிக் கூடத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை கொடுத்தார். வுட்மனே பிற்பாடு மேனேஜரும் ஆனார். தொழிலுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், 1903 டிசம்பரில், சாம்பியன் கான்ஸைப் பாயிண்டில் வென்றார் லாங்ஃபோர்டு. எடை கூடியிருந்ததால் பட்டம் பந்தயத்தில் இல்லை. அடுத்த ஆண்டு வால்காட்டோடு மோதியது சமனில் முடிந்தது. சமன் என்றால் சாம்பியன் சாம்பியனாகவே தொடர்வார். இவ்விரண்டு சண்டைகளிலும் எதிரில் நின்றவர்கள் கறுப்பர்களே. பிறகு உடம்பு தடித்து, தோள் அகன்று, அவர் மிடில்வெயிட் ஆகி, ஹெவிவெயிட்களோடு மோதத் தொடங்கியபோதுதான் வேலியின் உயரம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

1906 ஏப்ரலில், மசாசுசெட்ஸ் செல்சியில், லாங்ஃபோர்டும் ஜான்சனும் 15 ரவுண்டு மோதினார்கள். இந்தச் சண்டையைப் பற்றி ஒரு கதை வெகுகாலம் உலவியது: லாங்ஃபோர்டு ஜான்சனைக் கீழே தள்ளினார், நடுவர் ஏமாற்றிவிட்டார் என்று. பரப்பியதில் வுட்மனுக்குப் பெரும் பங்கு உண்டு. மேனேஜர் வேலையே அதுதானே. அன்றைய பத்திரிகைச் செய்திகள் அப்படிச் சொல்லவில்லை. விழுந்தவர் லாங்ஃபோர்டு, நன்றாக அடிவாங்கியவரும் அவரே, ஜான்சன் சந்தேகமில்லாமல் வென்றார். இதை ஒப்புக்கொள்வதில் லாங்ஃபோர்டின் அபிமானிகள் கூச்சப்பட வேண்டியதில்லை. அன்று இருவருக்கும் நடுவே ஏறத்தாழ 30 பவுண்டு வித்தியாசம். ஒருவர் முழு ஹெவிவெயிட், மற்றவர் இன்னும் வளர்ந்து முடியாதவர். ஆனால் 15 ரவுண்டும் லாங்ஃபோர்டு தாக்குப்பிடித்ததை ஜான்சன் கவனித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நடந்தவற்றை அப்படித்தான் படிக்கத் தோன்றுகிறது.

ஜான்சன் அப்போது சாம்பியன் டாமி பர்ன்ஸை ஊர் ஊராகத் துரத்திக்கொண்டிருந்தார். லண்டனின் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் அவருக்குக் கைகொடுத்தது. பட்டம் கிடைத்தால் திரும்பி வந்து கிளப்பில் லாங்ஃபோர்டோடு மோதுவதாக ஜான்சன் தரப்பு ஒத்துக்கொண்டிருந்தது. 1908 டிசம்பர் 26, சிட்னி. ப்ரமோட்டர் ஹியூ மக்கின்டாஷ் பர்ன்ஸுக்கு 30,000 டாலர் தருவதாகச் சொன்னதும் நிறக்கோடு கரைந்தது. ஜான்சனுக்குக் கிடைத்தது 5,000. வெறுப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான ரசீது கிடையாது. ஜான்சன் வென்றார். வென்ற பிறகு லண்டனில் கொடுத்த வாக்கு காற்றில் போனது. 1909 மேயில் அந்த கிளப்பின் மேடையில் லாங்ஃபோர்டுக்கு எதிரே நின்றவர் இங்கிலாந்தின் அயன் ஹேக். நான்காவது ரவுண்டில் கதை முடிந்தது.

ஜான்சனுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் இரண்டு வாதம் வைப்பார்கள். முதலாவது, லாங்ஃபோர்டு சின்ன ஆள். ஐந்தடி ஏழு அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு ஹெவிவெயிட் பட்டத்துக்கு உரிமை கோருவது நியாயமில்லை என்பது. இது நிற்காது. ஜான்சனுக்கு முன் அந்தப் பட்டத்தை வைத்திருந்த பர்ன்ஸின் உயரமும் ஏறத்தாழ அதேதான். 1909 அக்டோபரில் ஜான்சன் பட்டத்தைப் பந்தயம் வைத்து மோதிய ஸ்டான்லி கெச்சல், மிடில்வெயிட் சாம்பியன். அவருக்குக் கிடைத்த இடம் லாங்ஃபோர்டுக்குக் கிடைக்காததற்கு உடம்பின் அளவு காரணமாக முடியாது. 1910 ஏப்ரலில் கெச்சலும் லாங்ஃபோர்டும் பிலடெல்பியாவில் ஆறு ரவுண்டு மோதி, யார் கை ஓங்கியது என்று பத்திரிகைகள் இரண்டாகப் பிரிந்து எழுதின. இன்னும் பச்சையான உதாரணம் ஜிம் ஃப்ளின். லாங்ஃபோர்டு அவரை 1908இல் ஒரே ரவுண்டில் படுக்க வைத்தார். 1910இல் எட்டாவது ரவுண்டில் மறுபடி படுக்க வைத்தார். 1912 ஜூலையில் உலகப் பட்டத்துக்காக ஜான்சனோடு மோதும் வாய்ப்பு இந்த ஃப்ளினுக்குக் கிடைத்தது. இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் தோலின் நிறம். அதன் வழியாக டிக்கெட் வசூல்.

இரண்டாவது வாதம் கனமானது. ஜான்சன் என்ன செய்திருக்க முடியும்? வெள்ளை அமெரிக்கா அவரை ஒழிக்கக் கங்கணம் கட்டியிருந்தது. ஓய்வுபெற்றிருந்த ஜிம் ஜெஃப்ரீஸை இழுத்து வந்து 1910 ஜூலை 4 அன்று ரீனோவில் நிறுத்தினார்கள். ஜெஃப்ரீஸ் தோற்ற செய்தி பரவியதும் பல ஊர்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்களைத் தாக்கின, உயிர்களும் போயின. 1912இல் குத்துச்சண்டைப் படச்சுருளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1913இல், ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காகப் பெண்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைத் தடுத்த மான் சட்டத்தின் கீழ் ஜான்சனுக்குத் தண்டனை கிடைத்து, அவர் நாட்டைவிட்டுத் தப்பி ஓடினார்; அந்த வழக்குக்கு மன்னிப்பு வர 2018 வரை ஆனது. இப்படித் துரத்தப்பட்ட மனிதர், வசூல் எங்கே இருக்கிறதோ அங்கே போனதைக் குறை சொல்லலாமா? இரண்டு கறுப்பர் மோதினால் வெள்ளை ரசிகன் காசு கொடுத்து வரமாட்டான் என்பதே அவர் தரப்பு சொல்லிவந்த காரணம். அந்தக் கணக்கு பெரிய தவறும் இல்லை. வெள்ளை ரசிகன் காசு கொடுத்தது நல்ல சண்டை பார்க்க அல்ல, ஜான்சன் விழுவதைப் பார்க்க. ‘வெள்ளை நம்பிக்கை’ என்று பட்டம் சூட்டப்பட்ட ஒவ்வொரு புதியவனும் அந்த ஆசைக்கு விற்ற டிக்கெட். அதில் லாங்ஃபோர்டுக்கு விற்க எதுவுமில்லை. அவர் வென்றாலும் பட்டம் கறுப்பரிடமே இருக்கும்.

ஜான்சன் மீது எனக்குக் கோபமில்லை, ஆனால் இந்த வாதம் அவரைக் காப்பதைவிட என் கருத்தையே வலுப்படுத்துகிறது. கறுப்பர் சாம்பியனானதும் கோடு அழியவில்லை, இடம் மாறியது. சல்லிவனுக்கு எந்தக் கோடு தலைவலி தீர்க்கும் மருந்தாக இருந்ததோ, அதே கோடு ஜான்சனுக்கும் உதவியது. ஆபத்தான ஆட்கள் நாலைந்து பேரை, வசூல் வராது என்று சொல்லி, வெளியே நிறுத்த முடிந்தது. 1913 டிசம்பரில் பாரிஸில் அவர் ஒருவழியாக ஒரு கறுப்பரோடு பட்டத்துக்காக மோதினார். எதிரே நின்றவர் லாங்ஃபோர்டு அல்ல, ஜோ ஜென்னட் அல்ல, சாம் மக்வே அல்ல. பட்டியலில் அவர்களுக்குப் பின்னால் நின்ற ஜிம் ஜான்சன். அப்படியும் அந்தச் சண்டை சமனில் முடிந்து, பட்டம் மயிரிழையில் தப்பியது.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டார்கள். வேறு வழியில்லை. லாங்ஃபோர்டும் ஹாரி வில்ஸும் பதினைந்து தடவைக்கு மேல் மோதியிருக்கிறார்கள். மக்வேயோடும் ஜென்னட்டோடும் பத்துத் தடவைக்கு மேல். பாஸ்டன், நியூயார்க், பாரிஸ், சிட்னி என்று எங்கே அழைப்பு வந்ததோ அங்கே அதே நான்கு பேர் வேறு வேறு ஜோடிகளாக ஏறினார்கள். ‘கறுப்பர் ஹெவிவெயிட் சாம்பியன்’ என்று ஒரு தனிப்பட்டமும் அவர்களுக்குள் கைமாறிக்கொண்டிருந்தது. 1909 ஏப்ரலில் ஜென்னட்டும் மக்வேயும் பாரிஸில் 49 ரவுண்டு மோதிய சண்டையைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அதில் பலமுறை விழுந்தெழுந்த ஜென்னட், கடைசியில் மக்வே எழுந்து வர முடியாமல் போனதால் வென்றார். பாரிஸும் சிட்னியும் கோடில்லாத ஊர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே கறுப்பின வீரர்கள் புதுமையான சரக்கு, அவ்வளவே. பட்டத்தின் சாவி அமெரிக்கப் பணத்திடம்தான் இருந்தது.

இங்கே இன்னொரு கேள்வி வரும். ஒரே ஆட்களோடு திரும்பத் திரும்ப மோதிய இந்தக் கணக்குகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? மறுநாளும் மறுமாதமும் பிழைப்பு ஒருவரை ஒருவர் சார்ந்திருக்கும்போது, எதிராளியை அடித்து நொறுக்கிவிட்டால் அடுத்த வாரம் கூலி கிடையாது. லாங்ஃபோர்டு பல சண்டைகளில் வேண்டுமென்றே கையை அடக்கி எதிராளியைத் தாங்கிக்கொண்டார் என்று அவரே சொல்லியிருக்கிறார், மற்றவர்களும் சொல்லியிருக்கிறார்கள். கெச்சலோடு நடந்த ஆறு ரவுண்டுகூட, மேற்குக் கரையில் நீண்ட சண்டை ஒன்றுக்கு அச்சாரமாக விட்டுப்பிடித்ததே என்ற பேச்சு உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் கெச்சலைச் சுட்டுக் கொன்றுவிட்டதால் அது பேச்சாகவே நின்றது. அன்றைய சட்டங்களும் குழப்பத்தைக் கூட்டின. 1911இல் நியூயார்க்கில் வந்த ஃப்ராலி சட்டம் பத்து ரவுண்டுக்கு மேல் அனுமதிக்கவில்லை, நடுவர் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. யார் வென்றார் என்று மறுநாள் பத்திரிகைகள் ஆளுக்கொன்றாக எழுதும். ஆகவே லாங்ஃபோர்டின் வெற்றி தோல்விக் கணக்கைக் கூட்டிக் கழித்து அவர் எத்தனை பெரியவர் என்று நிறுவ முயல்வது வீண். கணக்கு பழுதானதே கோட்டின் விளைவுதான். பட்டத்துக்கான சண்டையில் முழுக் கையையும் காட்டியாக வேண்டும். அந்த மேடை அவருக்கு இல்லாததால், முழுக் கை எப்படி இருந்தது என்பதற்குச் சிதறிய தடயங்களே மிஞ்சின.

அந்தத் தடயங்களில் ஒன்று அவருடைய கண் தொடர்பானது. 1917இல் பாஸ்டனில் ஃப்ரெட் ஃபுல்ட்டனோடு மோதியபோது இடது கண்ணில் பட்ட அடியோடு அந்தக் கண்ணின் பார்வை போனது. மற்றக் கண்ணிலும் பார்வை மங்கிவந்தது. சேமிப்பு கிடையாது, ஆகவே தொடர்ந்து மோதினார். எதிராளியைக் கிட்டத்தில் இழுத்து, உடம்பைத் தொட்டு உணர்ந்து, அடிக்கும் முறைக்கு மாறினார். 1922 ஜூனில் அட்லாண்டாவில் டைகர் ஃப்ளவர்ஸ் என்பவரை அப்படித்தான் இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். அந்த ஃப்ளவர்ஸ் 1926இல் ஹாரி கிரெப்பை வென்று மிடில்வெயிட் உலகச் சாம்பியன் ஆனார். பார்வை முக்கால்வாசி போன, நாற்பதை நெருங்கிய ஒருவர் செய்த காரியம் இது. வெள்ளையரில் மிகப் பலசாலியாகப் பேரெடுத்த ஜாக் டெம்ப்சி, இளவயதில் லாங்ஃபோர்டோடு மோதும் வாய்ப்பு வந்தபோது தான் ஒதுங்கிக்கொண்டதையும், பயமே காரணம் என்பதையும் பிற்பாடு தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதினார். ஆனால் அதே டெம்ப்சி சாம்பியனாக இருந்த ஏழு ஆண்டுகளில், நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் வற்புறுத்தியும், ஒப்பந்தம்வரை போயும், ஹாரி வில்ஸோடு மோதவில்லை. 1926இல் டெம்ப்சியும் ஜீன் டன்னியும் நியூயார்க்கை விட்டு பிலடெல்பியாவில் மோதியதற்கு இந்தப் பிரச்சினையே காரணம். ஆக, ஒழுங்குபடுத்தும் ஆணையம் என்று ஒன்று வந்த பிறகும் பணம் பக்கத்து மாநிலத்துக்கு நடந்துபோய்விட முடிந்தது.

முழுப் பார்வையும் போன லாங்ஃபோர்டை 1944இல் ஹார்லெமில் ஒரு வாடகை அறையில் கண்டுபிடித்து எழுதினார் நியூயார்க் ஹெரால்டு ட்ரிப்யூன் நிருபர் அல் லேனி. லாங்ஃபோர்டு செத்துவிட்டார் என்றே விசாரித்த இடங்களில் சொன்னார்களாம். கட்டுரையைப் படித்தவர்கள் அனுப்பிய பணம் பத்தாயிரம் டாலர் அளவு சேர்ந்தது. கால் நூற்றாண்டுச் சண்டை சேர்த்து வைக்காததை ஒரு பத்திரிகைக் கட்டுரை சேர்த்தது. லாங்ஃபோர்டு 1956 ஜனவரியில் மசாசுசெட்ஸில் இறந்தார்.

கோடு எப்படித்தான் அழிந்தது என்பதைப் பார்த்தால், வெறுப்பு தணிந்ததால் அழிந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லாங்ஃபோர்டோடு பலமுறை மோதியவர்களில் ஜாக் பிளாக்பர்ன் என்பவரும் ஒருவர். அவர்தான் 1930-களில் ஜோ லூயிஸ் என்ற இளைஞருக்குப் பயிற்சியாளர் ஆனார். விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே, வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே என்று லூயிஸின் மேனேஜர்கள் அவருக்கு விதித்த கட்டுப்பாடுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஜான்சனைப் போல் இல்லாததால்தான் லூயிஸை ஏற்றுக்கொண்டார்கள் என்பார்கள். ஓரளவு சரி. பீட்டர் ஜாக்சனும் அடக்கத்துக்குப் பேர்போனவர்தான். அவருக்கு அது என்ன வாங்கித் தந்தது? லூயிஸிடம் புதிதாக இருந்தது வசூல். 1935இல் யாங்கி ஸ்டேடியத்தில் அவர் ப்ரிமோ கார்னெராவை வீழ்த்தியதைப் பார்க்க ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் வந்தார்கள். கறுப்பர் மோதினால் வெள்ளைக் கூட்டம் வராது என்ற பழைய கணக்கு அன்றே செத்தது. அப்படியும் சாம்பியன் ஜேம்ஸ் பிராடக்கின் மேனேஜர் ஜோ கூல்டு சும்மா சம்மதிக்கவில்லை. சொத்தை ஆபத்தில் வைப்பதற்கு விலை கேட்டார். ப்ரமோட்டர் மைக் ஜேக்கப்ஸ், ஹெவிவெயிட் பட்டச் சண்டைகளில் தமக்கு வரும் லாபத்தில் பத்து சதவீதத்தைப் பத்து ஆண்டுகளுக்குத் தருவதாக ஒத்துக்கொண்டார். 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில், எட்டாவது ரவுண்டில், லூயிஸ் பட்டத்தை எடுத்துக்கொண்டார். தோற்ற தரப்பு அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பட்டச் சண்டைகளில் ஜேக்கப்ஸுக்கு வரும் லாபத்தில் பங்கு கேட்க உரிமை பெற்றிருந்தது.